புளி போடாதீர்கள்: தியான இடத்துக்குச் செம்புப் புத்தர் – முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் புத்தருக்கு முகத்தில் பொன் இல்லை. வாங்கி வந்தபோது இருந்தது. நேபாளத்தின் பாட்டன் நகரிலிருந்து வேட்டித் துணியில் சுற்றிக் கைப்பையில் தூக்கிவந்த சிலை. 20 சென்டிமீட்டர் உயரம், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முகத்திலும் கழுத்திலும் மட்டும் பளபளப்பில்லாத பொன் பூச்சு, மற்ற இடமெல்லாம் செம்பின் நிறம். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றோடும் சேர்த்து அம்மா இதையும் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவைத்திருந்தார். புதுச் செம்பு மாதிரி மின்னியது. முகத்துப் பொன் மட்டும் புளித்தண்ணீரோடு போய்விட்டது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. செம்பைப் புளி போட்டுத்தான் தேய்ப்பார்கள். எந்தச் சிலைக்கு எந்த மேற்பூச்சு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு வீட்டில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதை, சிலை வாங்க நினைப்பவர்கள் எந்த வரிசையில் செய்தால் சிரமம் குறையுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: வாங்காமல் இருப்பது

ஒரு மாதம் சிலை இல்லாமல் உட்காருங்கள். தியானத்துக்குச் சிலை கட்டாயமில்லை. எஸ்.என். கோயங்கா கற்பித்த விபாசனா மரபின் தியானக் கூடங்களில் சிலையே வைப்பதில்லை. புத்தர் மறைந்து சில நூறு வருடங்கள் வரை அவரை மனித உருவில் காட்டாமல் பாதச்சுவடு, காலி ஆசனம், போதிமரம், சக்கரம் என்று குறிகளால்தான் காட்டினார்கள். சாஞ்சியில் அப்படித்தான் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களிலும் அந்த மாதிரிக் குறிகளைப் பார்க்கலாம். மனித உருவம் பரவலானது காந்தாரத்திலும் மதுராவிலும், ஏறக்குறைய பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளில்.

ஒரு மாதம் உட்கார்ந்தால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். வீட்டில் எந்த மூலையில் உண்மையிலேயே உட்காருகிறீர்கள் என்பது ஒன்று. நாம் மனதில் நினைத்திருக்கும் மூலையும் அதுவும் பெரும்பாலும் வேறு வேறாகத்தான் இருக்கும். கண்ணை மூடி உட்காருகிறீர்களா, பாதி திறந்து உட்காருகிறீர்களா என்பது இன்னொன்று. கண்ணை மூடுபவருக்குச் சிலை உட்காரும் முன்பும் எழுந்த பின்பும்தான் கண்ணில் படும். பாதி திறந்து உட்காருபவருக்கு முழு நேரமும் எதிரே இருக்கும். சிலையின் அளவும் உயரமும் இதைப் பொறுத்தே அமையும்.

அளவெடுப்பது

உங்கள் திண்டிலோ நாற்காலியிலோ வழக்கம்போல உட்காருங்கள். தரையிலிருந்து உங்கள் கண் வரை எவ்வளவு உயரம் என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். எனக்குத் திண்டோடு சேர்த்து 78 சென்டிமீட்டர் வந்தது.

சிலையின் முகம் இந்தக் கண் மட்டத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். மரியாதை ஒரு காரணம். சிலையின் கண் இன்னொரு காரணம். அமர்ந்த புத்தரின் இமைகள் தாழ்ந்திருக்கும். கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணைச் சந்திக்கிற மாதிரி சிற்பி அந்தப் பார்வையை அமைத்திருப்பார். மேலிருந்து பார்த்தால் அதே முகம் தூங்குவதுபோல் இருக்கும். கடையில் கண்ணாடி மேசைமேல் வைத்த சிலையை நின்றபடி பார்த்து "முகம் சரியில்லையே" என்று நினைக்கிறோமே, அதில் பாதி இதனால்தான். கடையிலும் ஒரு முட்டி மடக்கி, முகம் நம் கண்ணுக்குச் சற்று மேலே வரும்படி பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் இதைப் பார்த்துப் பழகியவர்கள்தான், கூச்சப்பட வேண்டாம்.

என் கணக்கைச் சொல்கிறேன். சிலையின் உயரம் 20 சென்டிமீட்டர், பீடத்தின் அடியிலிருந்து முகம் ஏறக்குறைய 16-இல் வரும். கண் மட்டம் 78. முகம் 86-இல் இருக்க வேண்டும் என்றால் பலகையின் மேல்பரப்பு 70 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுவரில் பலகை அடிக்கும் முன் அட்டைப்பெட்டிகளை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு சொம்பை வைத்து ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். சிலைக்கும் உங்களுக்கும் இடையே ஒன்றேகால் மீட்டர் இருந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரச் சிலை போதும். இரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள அறை என்றால் 30 சென்டிமீட்டரை யோசிக்கலாம். அடுக்ககத்தில் படுக்கையறையின் ஒரு ஓரத்தில் உட்காருபவர் ஒன்றரை அடிச் சிலை வாங்கினால், அது வருகிறவர்களுக்குக் காட்டும் பொருளாகிக் கூடத்துக்குப் போய்விடும். இரண்டு நண்பர்கள் வீட்டில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கையைப் பாருங்கள்

"புத்தர் சிலை" என்று கேட்டால் கடைக்காரர் பத்து விதம் எடுத்து வைப்பார். முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. கையையும் கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

வலது கை முழங்கால் மேல் இறங்கி, விரல் நுனி தரையைத் தொட்டால் அது பூமிஸ்பரிச முத்திரை. போதகயாவில் ஞானம் பெற்ற இரவில், மனதைக் கலைக்க வந்த மாரனுக்கு எதிராகப் பூமியைச் சாட்சிக்கு அழைத்த கணம். இடது கை மடியில் இருக்கும், பல சிலைகளில் அதில் பிச்சைப் பாத்திரம் இருக்கும். இதுதான் சாக்கியமுனி, அதாவது கௌதம புத்தர். இரண்டு கைகளும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் தியான முத்திரை. நேபாள, திபெத்திய மரபில் அந்தக் கைகளில் பாத்திரமும் இருந்தால் பெரும்பாலும் அமிதாபர் என்ற வேறொரு புத்தர். வலது கையில் ஒரு சிறு பழமோ தளிரோ இருந்தால் அவர் மருத்துவப் புத்தர், கையில் இருப்பது கடுக்காய். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிற அதே கடுக்காய்தான். பூமியைத் தொடும் கையோடு, இடது உள்ளங்கையிலோ பீடத்தின் முன்னாலோ வஜ்ரம் என்ற இருமுனைச் சடங்குக் கருவி இருந்தால் அது அட்சோபியர் என்ற இன்னொரு புத்தர்.

உள்ளங்கையை வெளியே காட்டி உயர்த்தியது அபயம். நம் ஊர்ச் சாமிகளிடம் பார்த்துப் பழகியதுதான். மார்புக்கு முன் இரண்டு கை விரல்களும் சக்கரம் சுழற்றுவது போல் இருந்தால் தர்மசக்கர முத்திரை, சாரநாத்தின் முதல் உபதேசம்.

தியானத்துக்கு எது? தியான முத்திரை என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு என்னவோ பூமிஸ்பரிசம்தான் பொருத்தமாகப் படுகிறது. உட்கார்ந்தவுடன் எனக்கு வருவது அமைதி இல்லை, மாரன்தான்.

தொந்தியும் சிரிப்புமாக இருப்பவர் கௌதம புத்தரே இல்லை. அவர் புதாய் என்ற சீனத் துறவியின் உருவம், பத்தாம் நூற்றாண்டை ஒட்டியவர். வரவேற்பறையில் அவர் தாராளமாகச் சிரிக்கட்டும், தியானம் செய்யும் இடத்துக்கு அவரை வாங்கிவிடாதீர்கள்.

ஏன் செம்பு, எந்தச் செம்பு

கடைகளில் "செம்புச் சிலை" என்று விற்பதில் பாதிக்கு மேல் சுத்தச் செம்பு இருக்காது. இதில் எப்போதும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தனிச் செம்பை வார்ப்பது கடினம். உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகிய பிறகும் கெட்டியாக ஓடும், காற்றை இழுத்துவைத்துக்கொண்டு குளிரும்போது குமிழிகளாக விடும், விரல் நுனி மாதிரி மெல்லிய இடங்களுக்குள் சரியாக இறங்காது. வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்த்தால் பித்தளை. இரண்டும் குறைந்த சூட்டில் உருகி நன்றாக ஓடும். சுவாமிமலை ஸ்தபதிகள் வார்க்கும் பஞ்சலோகத்திலும் செம்புதான் பெரும்பங்கு, ஆனால் தனிச் செம்பு இல்லை. சுவாமிமலையில் புத்தரும் வார்த்துத் தருகிறார்கள். அதைச் செம்பு என்று கேட்காமல் பஞ்சலோகம் என்றே கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் பாட்டனின் நேவார் இனக் கைவினைஞர்கள் இன்றும் ஏன் இந்த வம்பு பிடித்த செம்பையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? பொன்னுக்காக. அவர்களுடைய முறை பாதரசப் பொன்முலாம். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பு மாதிரி ஆக்கி, சிலைமேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், பொன் உலோகத்தோடு பிடித்துக்கொள்ளும். ஈயமோ வெள்ளீயமோ கலந்த உலோகத்தில் இந்த முலாம் கறைபட்டுத் திட்டுத்திட்டாகும், சுத்தமான செம்பில்தான் சீராக உட்காரும். அதனால் வார்ப்பில் கஷ்டப்பட்டாலும் செம்பு. அந்த ஆவி வேலை செய்பவருக்கு நஞ்சு என்பதையும் மறக்கக் கூடாது. விலை பேசும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

சிலை செய்யும் முறை நம் ஊர் முறையின் ஒன்றுவிட்ட தம்பி. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண்ணும் சாணமும் கலந்த மெல்லிய பூச்சு, பிறகு உமி கலந்த மண்பூச்சு என்று அடுக்கடுக்காகப் போட்டுக் காயவைப்பார்கள். சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய செம்பை ஊற்றுவார்கள். குளிர்ந்ததும் மண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். சுவாமிமலையில் பெரும்பாலும் உள்ளே கெட்டியாக வார்ப்பார்கள். பாட்டனில் உள்ளே கூடாக வார்ப்பார்கள். வார்ப்பு முடிந்தது பாதி வேலைதான். உளியும் சுத்தியும் வைத்து முகம், விரல், ஆடை விளிம்பில் பூவேலை என்று செதுக்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

வார்க்காமல் செம்புத் தகட்டைத் தட்டித் தட்டியே உருவம் எடுக்கும் முறையும் அங்கே உண்டு. பெரிய சிலைகளை அப்படித்தான் பகுதி பகுதியாகச் செய்து இணைப்பார்கள். லடாக்கில் லே நகருக்குப் பக்கத்தில் ஷே அரண்மனைக் கோயிலில் மாடி உயரத்துக்கு அமர்ந்திருக்கும் சாக்கியமுனி செம்புத் தகட்டால் ஆனவர், மேலே பொன்முலாம், 17-ஆம் நூற்றாண்டு. அந்த வேலைக்கு வந்த நேபாளக் கைவினைஞர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் சான்ஸ்கார் ஆற்றோரம் சில்லிங் என்ற சிற்றூரில் இன்னும் செம்புவேலை செய்கிறார்கள்.

செம்பில் எவ்வளவு பெரிதாக வார்க்க முடியும் என்பதற்குப் பீகாரின் சுல்தான்கஞ்சில் 1861-இல் ரயில் பாதை வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நின்ற புத்தர் சாட்சி. 2.3 மீட்டர் உயரம், 500 கிலோவுக்கு மேல் எடை, கிட்டத்தட்ட சுத்தமான செம்பு, ஆயிரத்து முந்நூறு வருடமாவது பழையவர். இப்போது இங்கிலாந்தின் பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

மேற்பூச்சு எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செம்புச் சிலையின் மேற்பரப்பு பெரும்பாலும் இந்த ஐந்து வகைகளில் ஒன்றாக இருக்கும்.

வெறும் செம்பு: எதுவும் பூசாதது. முதலில் இளஞ்சிவப்பு, சில மாதத்தில் பழுப்பு, பிறகு கரும்பழுப்பு. கறுக்க வைத்த செம்பு: கந்தகம் கலந்த கரைசலால் வேண்டுமென்றே பழுப்பாகவோ கருப்பாகவோ ஆக்கியது, பள்ளங்களில் நிறம் அடர்ந்தும் மேடுகளில் வெளுத்தும் இருக்கும். வார்னிஷ் அடித்தது: கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம், விளிம்புகளில் உற்றுப் பார்த்தால் தெரியும். முலாம்: மேலே சொன்ன பாதரசப் பொன் (இதுதான் நெருப்பு முலாம்), இல்லாவிட்டால் அதற்கு மலிவான மாற்றாக மின்முலாம். கடைசியாகத் தூரிகைப் பொன்: பொன்தூளைப் பசையில் குழைத்து முகத்தில் தூரிகையால் பூசுவது. திபெத்திய வழக்கம் இது. அதன்மேல்தான் கண்ணும் உதடும் வண்ணத்தில் வரைவார்கள். தண்ணீர் பட்டாலே கரையும். எங்கள் வீட்டுச் சிலையில் இருந்தது இந்தக் கடைசி வகை.

ஒரே சிலையில் இரண்டு மூன்று வகை சேர்ந்தும் வரும். உடம்பு நெருப்பு முலாம், முகம் தூரிகைப் பொன் என்பது சாதாரணம். ஆகவே கடைக்காரரிடம் "முகத்தில் என்ன, உடம்பில் என்ன" என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ரசீதைப் படமெடுத்துக் குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். நவராத்திரிக்கு முன்னால் ஒருமுறை ஞாபகப்படுத்தியும் வையுங்கள்.

கையில் எடுத்துச் சோதிப்பது

காந்தத்தால் ஒரு பயன்தான்: ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் செம்பு என்று அர்த்தமில்லை. பித்தளையிலும் துத்தநாகக் கலவையிலும்கூட ஒட்டாது.

சிலையைக் கவிழ்த்துப் பீடத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். பூச்சுப் படாத இடம் அங்கேதான் இருக்கும். கடைக்காரர் சம்மதித்தால் உள்விளிம்பில் ஊசியால் ஒரு சின்னக் கீறல். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வெள்ளி மாதிரி வெளுத்திருந்தால் துத்தநாகக் கலவைக்குச் செம்பு முலாம் போட்டது.

வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வந்தால் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. வெறும் செம்பாக இருந்து, அடி திறந்திருந்தால் மட்டும் செய்யுங்கள். பொன் பூசியதையும் அடி மூடியதையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. தொங்கு தராசில் நூல் கட்டி எடை பாருங்கள், 1,800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்கவிட்டு, உள்ளே சிக்கிய காற்றையெல்லாம் சாய்த்து வெளியேற்றி, மறுபடி பாருங்கள். 1,600 காட்டினால் குறைந்தது 200. 1,800-ஐ 200-ஆல் வகுத்தால் 9. செம்பின் அடர்த்தி 8.9, ஆகச் சரி. பித்தளைக்கு எட்டரையை ஒட்டி வரும். துத்தநாகக் கலவை என்றால் 270 கிராம் அளவுக்குக் குறைந்து, வகுத்தால் ஏழுக்குள் வரும். செம்பா வெண்கலமா என்று வீட்டுத் தராசு பிரித்துச் சொல்லாது, போலியை மட்டும் பிடித்துக்கொடுத்துவிடும். முடிந்ததும் உடனே உள்ளும் புறமும் காயவையுங்கள்.

உலோகத்தைவிட வேலைத்திறனைப் பார்ப்பது முக்கியம் என்பேன். முதலில் சிலையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். அவசர வேலை முதுகில் தெரிந்துவிடும். விரல்களுக்கு நடுவே இடைவெளி வெட்டப்பட்டிருக்கிறதா, கை ஒரே கட்டியாக இருக்கிறதா? தலையின் சுருள்கள் வலப்பக்கமாகச் சுழல்கின்றனவா? மரபு அதுதான். தாமரைப் பீடத்தின் இதழ்கள் ஒரே அளவா? பிறகு கண். இரண்டு இமையும் ஒரே மட்டத்தில் இல்லாத சிலையோடு தினமும் அரை மணி நேரம் இருக்க முடியாது. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

விலைக்கு ஒரு எளிய வழி. அன்றைய செம்பு விலையைச் சிலையின் எடையால் பெருக்குங்கள். கேட்கிற விலை அதற்குப் பக்கத்தில் இருந்தால், அதில் கைவேலைக்கு எதுவும் இல்லை என்று பொருள். நல்ல சிலையில் உலோகத்தின் விலை சின்னப் பங்குதான்.

எங்கே வாங்குவது, எதை வாங்கக் கூடாது

நேரே போக முடிந்தால் பாட்டன். லலித்பூர் என்பதும் அதே ஊர்தான். ஓகு பஹால் விகாரத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் சாக்கியர் என்ற நேவார் சமூகக் குடும்பங்களின் பட்டறைகள் இருக்கின்றன, தட்டும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இந்தியாவுக்குள் என்றால் டெல்லியின் மஜ்னு கா டில்லா, தர்மசாலா, கர்நாடகத்தின் பைலகுப்பே போன்ற திபெத்தியக் குடியிருப்புகளின் கடைகள். அங்கே "திபெத்துச் சிலை" என்று சொன்னாலும் அநேகமாக அது பாட்டனில் செய்தது. அதில் குறையொன்றும் இல்லை. திபெத்தின் மடங்களுக்கு நேவார்கள் நூற்றாண்டுகளாகச் சிலை செய்து கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஆர்னிகோ என்பவர் 13-ஆம் நூற்றாண்டில் திபெத் வழியாகக் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அவைக்கே போனார், பெய்ஜிங்கின் வெள்ளைத் தூபி அவர் கட்டியது.

"பழங்காலச் சிலை" என்று யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். அதைப் பதிவு செய்ய வேண்டும், உரிமம் இல்லாமல் விற்க முடியாது, வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நேபாளமும் 100 வருடம் கடந்ததை வெளியே விடாது. புதுச் சிலைக்கே காத்மாண்டுவில் தொல்லியல் துறையின் சான்று வாங்க வேண்டும், கடைக்காரர்களே வாங்கித் தருவார்கள். சொன்னது உண்மையானால் அது திருட்டுச் சிலையாக இருக்கலாம், பொய்யானால் அழுக்குப் பூசிய புதுச் சிலைக்கு நீங்கள் அதிக விலை கொடுக்கிறீர்கள். பழையதைப் பார்க்க ஆசை என்றால் எழும்பூர் போங்கள். நாகப்பட்டினத்தில் 1856-இலிருந்து அடுத்த எழுபத்தைந்து வருடங்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது. தலையில் தீச்சுடர் எரியும் அந்தச் சின்னச் சின்னப் புத்தர்கள் பலர் எழும்பூரில்தான் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அவர்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போனால், கடையில் எது சுமாரான முகம் என்று கண்ணே சொல்லிவிடும்.

திபெத்திய மரபில் வீட்டுக்கு வந்த சிலையை வெறும் உலோகமாக விடுவதில்லை. உள்ளே மந்திரச் சுருள்களும் மூலிகைகளும் நிரப்பி, அடியைச் செம்புத் தகட்டால் மூடி, சடங்கு செய்வார்கள். அந்தத் தகட்டில் குறுக்கு நெடுக்காக இரட்டை வஜ்ரம் செதுக்கியிருக்கும். அப்படி மூடிய சிலையை உள்ளே என்ன என்று பார்ப்பதற்காகத் திறக்காதீர்கள். கடையில் வாங்குவது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். நிரப்ப வேண்டுமானால் ஒரு மடத்தில் கேட்கலாம், நிரப்பாமலும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுச் சிலை காலிதான்.

வைப்பது

எந்தத் திசை என்று கேட்பார்கள். போதகயாவில் மகாபோதிக் கோயில் புத்தர் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். திசை வேண்டும் என்பவர்கள் அதைப் பின்பற்றலாம். நான் பார்ப்பது சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இல்லாமல் இருப்பதையும், சிலையை நோக்கிக் கால் நீட்டிப் படுக்காமல் இருப்பதையும், நேர் வெயில் படாமல் இருப்பதையும்தான். தரையில் வைக்க வேண்டாம். செருப்பு அடுக்கும் அலமாரியின் மேல் வைத்திருந்த ஒரு வீட்டில், வந்திருந்த இலங்கை நண்பர் முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பலகை திடமான மரமாக, பூச்சு அடித்து ஒரு மாதமாவது ஆனதாக இருக்கட்டும். புது வார்னிஷின் ஆவி செம்பைக் கறுக்கச் செய்யும். அடியில் ரப்பரும் கம்பளித் துணியும் வேண்டாம், இரண்டிலும் கந்தகம் உண்டு. துவைத்த பருத்தித் துணி போதும். விளக்கு ஏற்றினால் ஒரு முழம் தள்ளி, சற்று முன்னால் வையுங்கள், புகைக்கரி முகத்தில் படியாது. மின்விளக்கு நேர் மேலே இருந்தால் கண் குழி இருட்டாகி முகம் கடுகடுவென்று தெரியும். பக்கவாட்டிலிருந்து வரும் மஞ்சள் ஒளிதான் செம்புக்கு அழகு.

தண்ணீர் வைக்கும் வழக்கம் எனக்குப் பிடித்தது. திபெத்திய வீடுகளில் காலையில் ஏழு கிண்ணங்களை இடமிருந்து வலமாக, ஒரு பார்லி மணி அளவு இடைவெளி விட்டு வைத்து நிரப்புவார்கள். மாலையில் வலமிருந்து இடமாகக் காலி செய்து கவிழ்த்துவிடுவார்கள். நான் ஒரே கிண்ணம் வைக்கிறேன், அந்தத் தண்ணீர் துளசிக்குப் போகும். அபிஷேகம் மட்டும் வேண்டாம். செம்புப் பாத்திரத்தில் தயிர் வைக்காதே என்று பாட்டி சொன்ன அதே காரணம்தான்: புளிப்பு செம்பைக் கரைக்கும். மஞ்சள், குங்குமம், சந்தனமும் பள்ளங்களில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூவைக் காலடியில் வையுங்கள், உடம்பில் சாத்த வேண்டாம்.

துடைப்பதும் தொடாமல் இருப்பதும்

எந்த மேற்பூச்சானாலும் வாரம் ஒருமுறை, காய்ந்த மெல்லிய ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுவது போதும். பொன் பூசியதற்கு, அது எந்தப் பொன்னானாலும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். வெறுங்கையால் அடிக்கடி தொட்டால் வியர்வை உப்பு விரல் தடமாகப் பதியும், ஆகவே துணியோடு பிடியுங்கள்.

வெறும் செம்பு பழுப்பாவது கெடுதல் இல்லை. அந்தப் பழுப்புப் படலம்தான் அடியில் உள்ள செம்பைக் காக்கிறது. என் அபிப்பிராயத்தில் செம்புப் புத்தர் பளபளப்பதைவிடப் பழுத்து இருப்பதுதான் அழகு. இல்லை, எனக்கு மின்ன வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒருமுறை எலுமிச்சையோ புளியோ போடலாம். உப்பு சேர்க்காதீர்கள். சிலையை முக்காமல், துணியில் தொட்டுத் துடைத்து எடுங்கள். கூடாக வார்த்த சிலைக்குள் வார்ப்பு மண் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், அது தண்ணீரை உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்திருக்கும். கடைசித் துடைப்புக்குப் பாட்டரித் தண்ணீர் நல்லது. பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும், அதில் உப்பு இருக்காது. பிறகு முடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டி, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பருத்தித் துணியால் தேய்த்துவிட்டால் ஒரு வருடம் கவலை இல்லை. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடற்கரை ஊர்க்காரர்கள் பழுப்பான சிலைக்கும் இந்த மெழுகைப் போடுவது நல்லது.

பச்சை தெரிந்தால் என்ன? செம்பில் வரும் பச்சைக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்தத்தில் உயிரோடு கூடவே இருக்கும் ஆணவத்துக்கு இந்தச் செம்பின் களிம்புதான் உவமை. வீட்டுச் சிலையில் இது இரண்டு விதமாக வரும். கெட்டியாக, வழவழப்பாக, அடர்பச்சையாக ஒட்டியிருந்தால் விட்டுவிடலாம். வெளிர்பச்சையில் மாவு மாதிரி புள்ளி புள்ளியாக வந்து, துடைத்தாலும் அதே இடத்தில் மறுபடி வந்தால், உள்ளே குளோரைடு உப்பு நுழைந்திருக்கிறது. ஈரமும் காற்றும் கிடைக்கும்வரை அது அமிலமாகிச் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். புளி, உப்பு, வினிகர் எதுவும் அதற்கு மருந்தில்லை, உப்பு போட்டால் இந்த நோய் இன்னும் வளரும். சிலையைக் காற்றுப் புகாத டப்பாவில், நிறைய சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்து மூடுங்கள், அது ஈரத்தை நிறுத்தி வைக்கும். பிறகு உலோகப் பொருட்களைப் பேணத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகம் தொடங்கியதே அங்கிருந்த படிமங்களுக்கு இந்த நோயைப் பார்க்கத்தான்.

வார்னிஷ் அடித்தது சில வருடத்தில் உரியத் தொடங்கும். உரிந்த இடம் மட்டும் கறுத்து, தேமல் மாதிரி இருக்கும். அதன்மேல் புளி போட்டால் தேமல் இன்னும் தெளிவாகும், அவ்வளவுதான். செய்த பட்டறையிலோ முலாம் வேலை செய்பவரிடமோ முழுப் படலத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வீடு மாறும்போது சிலையைக் கையிலோ தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டத்திலோ பிடித்துத் தூக்காதீர்கள். திருகிப் பொருத்திய பாகங்கள் அவை. பீடத்தின் அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். துவைத்த பழைய வேட்டிதான் சரி.

எங்கள் சிலையின் முகத்துக்கு மறுபடி பொன் பூசலாமா என்று பாட்டன் பட்டறையில் போனில் கேட்டேன். கொண்டுவந்தால் ஒரு நாள் வேலை என்றார்கள். இன்னும் கொண்டுபோகவில்லை. இதற்குள் முகமும் மற்ற உடம்பும் ஒரே பழுப்பாகிவிட்டன. "இப்பதான்டா பார்க்க நல்லா இருக்கு" என்கிறார் அம்மா. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் நான் அதை எடுத்து என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.